ராக்கெட்டுக்குள் ஒரு மிருதங்கம்



"உன் தொழிலை ஒட்டி, ஆனா எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு சரித்திரக் கட்டுரை குடுப்பா" என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். என் தொழில் காஸ் டர்பைன். மின் நிலையங்களில் ஓடும் இந்த டர்பைன்களுக்கு 'ஹம்மிங்' என்று ஒரு வியாதி உண்டு. உள்ளே எரிகிற தீ திடீரென்று ஒரே சுருதியில் பாட ஆரம்பித்துவிடும். பாட விட்டால் தகடுகளில் விரிசல் விழும். இந்த வியாதியின் பெரியண்ணன் திரவ எரிபொருள் ராக்கெட் இன்ஜினில் குடியிருக்கிறான். புத்தகத் தமிழில் அவனுக்கு 'எரிதல் நிலையின்மை' என்று பெயர்.

1980-ல் அவன் ஒரு ஐரோப்பிய ராக்கெட்டை அட்லாண்டிக் கடலில் தள்ளினான். அடுத்த ராக்கெட்டில் ஏற நம் நாட்டுச் செயற்கைக்கோள் காத்துக்கொண்டிருந்தது. அது மட்டுமில்லை, விழுந்த ராக்கெட்டின் இன்ஜினைத்தான் நம் ஆட்கள் கற்றுக்கொண்டு வந்து இங்கே செய்ய முனைந்திருந்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

தீ எப்படிப் பாடும்?

ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். ஆடி வருகிற ஊஞ்சலைச் சரியான நேரத்தில் லேசாகத் தட்டினால் போதும், ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். தப்பான நேரத்தில் தள்ளினால் அடங்கிவிடும். தீயும் ஒலியும் சேர்ந்து ஆடுவது இதே கணக்குதான். வாயு அழுத்தம் கூடும் தருணத்தில் வெப்பமும் கூடுதலாக வந்தால் ஒலி வளரும், அழுத்தம் குறையும்போது வெப்பம் வந்தால் ஒலி தேயும். இதை 1878-லேயே இங்கிலாந்தின் ராலே பிரபு சொல்லிவிட்டார். ராக்கெட் இன்ஜின் என்று ஒன்று பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னால்!

ராக்கெட்டின் எரியறையில் இது ரொம்ப சுலபமாக நடக்கும். இன்ஜெக்டரின் துளைகள் வழியாக எரிபொருளும் ஆக்சிகரணியும் பீய்ச்சியடிக்கின்றன. அவை மோதி, துளியாகி, ஆவியாகி, கலந்து, எரிய ஒரு சின்ன அவகாசம் வேண்டும். மில்லி விநாடிக் கணக்குதான். அறையில் ஒரு அழுத்த அலை ஓடினால் அது துளிகளை உடைக்கும், கலவையைக் குலைக்கும். சிறிது நேரம் கழித்து அதன் விளைவாகக் கூடுதல் வெப்பம் வரும். அந்த 'சிறிது நேரம்' அலையின் தாளத்தோடு பொருந்திவிட்டால் தீர்ந்தது கதை. அலை தீயை ஊதும், தீ அலையை ஊதும்.

இதில் மெதுவான ரகமும் உண்டு. பம்ப் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் சீராக வராதபோது 'புக் புக்' என்று எரியுமே, அந்த மாதிரி குழாய், பம்ப் எல்லாம் சேர்ந்து விநாடிக்குச் சில பத்து தடவை ஆடுவது. அதைச் சமாளிக்கலாம். கொடுமையானது விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் கத்துகிற ரகம். இதில் வாயு, வட்டமான அறையில் ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கச் சுவருக்கு, சட்டியில் தண்ணீர் அலம்புகிற மாதிரி அலம்பும். எரியறைக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1,200 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அரை மீட்டர் விட்டமுள்ள அறையில் இந்த அலம்பல் விநாடிக்குக் கிட்டத்தட்ட 1,400 தடவை நடக்கும். சுவரை வெப்பத்திலிருந்து காப்பதற்காக அதன்மேல் படர விட்டிருக்கும் குளிர்ந்த படலத்தை இது வழித்தெடுத்துவிடும். அப்புறம் உலோகம் உருகக் கண் இமைக்கும் நேரம் போதும்.

இந்த வட்ட அலம்பலைக் கணக்கிடும் பெஸ்ஸல் சார்புகளை நாம் மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பாடத்தில் சபித்துக்கொண்டே படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? தோல் வாத்தியங்களின் அதிர்வுக்கும் அதே குடும்பச் சார்புகள்தான். நாம் கூடும் சாந்தோமிலிருந்து கடற்கரைச் சாலையோடு வடக்கே போனால் பிரசிடென்சி கல்லூரி. 1907-ல் அங்கே எம்.ஏ. முடித்த சி.வி. ராமன், பிற்பாடு கல்கத்தாவில் இருந்தபோது, 1920-ல் 'நேச்சர்' இதழில் நம் மிருதங்கத்தைப் பற்றி எழுதினார். சாதாரணத் தோலில் எழும் உப ஓசைகள் ஒன்றுக்கொன்று சேராமல் இரைச்சலாக இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பியிருக்கும் கறுப்பு வட்டம் அந்த ஓசைகளை நகர்த்தி சுருதிக்குள் கொண்டுவருகிறது என்று அவர் காட்டினார். மயிலாப்பூரில் மிருதங்கம் செய்கிறவர் ஓசைகளை ஒழுங்குபடுத்தி வாழவைக்கிறார். ராக்கெட் இன்ஜினியர் அதே ஓசைகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துக் கொல்ல வேண்டியிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பெரியவர்கள் பட்ட பாடு

அமெரிக்கர்கள் சந்திரனுக்குப் போகக் கட்டிய எஃப்-1 இன்ஜின் கிட்டத்தட்ட 680 டன் உந்துவிசை தருவது. எரியறையின் விட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர். 1962 ஜூன் 28-ம் தேதி சோதனையில் அது இந்த வியாதி கண்டு வெடித்துச் சிதறியது. சந்திரப் பயணமே நின்றுவிடுமோ என்ற நிலை. 'புராஜெக்ட் ஃபர்ஸ்ட்' என்று தனிக் குழு போட்டு, முழு அளவில் ஏறத்தாழ 2,000 சோதனைகள் நடத்தினார்கள். அவர்கள் கையாண்ட வழி வேடிக்கையானது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்குள் ஒரு சின்ன வெடிகுண்டை வெடித்து, கலவரத்தை வேண்டுமென்றே கிளப்பிவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் தானாக அடங்குகிறது என்று பார்த்தார்கள். விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கினால் பாஸ். கடைசியில் இன்ஜெக்டர் முகத்தில் செப்புத் தடுப்புகள் வைத்து 13 அறைகளாகப் பிரித்து, துளைகளின் அளவையும் கோணத்தையும் மாற்றி மாற்றித்தான் அடக்கினார்கள். சூத்திரம் போட்டுக் கண்டுபிடித்த விடை என்று சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கில் செய்து, உடைத்து, கண்டுகொண்ட விடை.

ரஷ்யர்கள் வேறு வழி பிடித்தார்கள். பெரிய ஒற்றை அறை கத்துகிறதா? விடு, ஒரு டர்போ பம்பை வைத்து நான்கு சின்ன அறைகளுக்கு எரிபொருள் ஊட்டு! 1957-ல் ஸ்புட்னிக்கைத் தூக்கிய ஆர்.டி.-107 இப்படிப்பட்டதுதான். அறை சிறிதானால் அலையின் சுருதி ஏறும், தீயோடு தாளம் சேருவது கடினமாகும்.

வெர்னான் நகரில் நம்மவர்கள்

இனி நம் கதை. 1970-களின் தொடக்கத்தில் நம் ராக்கெட் திட்டம் பெரும்பாலும் திட எரிபொருளை நம்பியிருந்தது. பெரிய செயற்கைக்கோள் அனுப்ப திரவ இன்ஜின் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்களில் ஒருவர் நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன். 1974-ல் பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. அவர்கள் அப்போது ஆரியான் ராக்கெட்டுக்காக 'வைகிங்' இன்ஜினை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நம் ஒப்பந்தத்தில் காசுக்குப் பதில் உழைப்பு. இந்திய இன்ஜினியர்கள் நூறு ஆள்-ஆண்டு வேலையை அந்தத் திட்டத்துக்குச் செய்து தரவேண்டும், அதற்கு ஈடாக வைகிங் தொழில்நுட்பம் நமக்கு. ஸேன் நதிக்கரையில் வெர்னான் என்ற சிற்றூரில் நம் ஆட்கள் பிரெஞ்சுக்காரர்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்தார்கள். (நம்பி நாராயணன் மேல் 1994-ல் பொய்யாகச் சுமத்தப்பட்ட உளவு வழக்கும், 2018-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வழங்கிய நியாயமும் தனிக் கதை. அதை இங்கே தொடவில்லை.)

வரைபடங்கள் வந்துசேர்ந்தன. இந்தியாவில் செய்யப்போகும் இன்ஜினுக்கு 'விகாஸ்' என்று பெயரும் வைத்தாயிற்று. 1979 டிசம்பர் 24-ல் முதல் ஆரியான் நான்கு வைகிங் இன்ஜின்களோடு கிளம்பி வெற்றிகரமாகப் போனது. எல்லாம் சுபம் என்றுதான் தோன்றியது.

1980 மே 23

தென்னமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து இரண்டாவது ஆரியான் கிளம்பியது. அடிக்கட்டில் அதே நான்கு வைகிங். கிளம்பிய சில விநாடிகளிலேயே ஒரு இன்ஜினில் அழுத்தம் படபடவென்று ஆட ஆரம்பித்தது. மற்ற மூன்றும் சாதுவாக எரிந்துகொண்டிருந்தன. இரண்டு நிமிடம் ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளேயிருந்த ஜெர்மன் விஞ்ஞானிகளின் 'ஃபயர்வீல்' செயற்கைக்கோளும், அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கைக்காசு போட்டுச் செய்திருந்த செயற்கைக்கோளும் கடலோடு போயின.

காரணம், மேலே சொன்ன கத்தல். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நான்கு இன்ஜினும் ஒரே வரைபடத்தில் பிறந்தவை. தொழிற்சாலை ஒன்று, எரிபொருள் ஒன்று. ஐந்து மாதத்துக்கு முன்னால் அவற்றின் உடன்பிறப்புகள் நான்கு பத்திரமாகப் பறந்திருக்கின்றன. அப்படியானால் இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் பித்துப் பிடித்தது? வரைபடப்படி செய்தால் இன்ஜின் எரியும், உந்தும். ஆனால் கத்தாமல் இருப்பதற்கும் கத்துவதற்கும் நடுவே உள்ள வேலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வரைபடம் சொல்லாது. துளைகளைக் குடையும்போது ஏற்படும் நுணுக்கமான வேறுபாடே ஒரு இன்ஜினை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். முதல் ஆரியான் அந்த வேலியைத் தொடாமல் போயிருந்தது. இரண்டாவது தொட்டுவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் இன்ஜெக்டரின் துளை அளவுகளைத் திருத்தினார்கள். பின்னால் வந்த ஆரியான்களில் எரிபொருளே மாறியது. தனி யு.டி.எம்.எச். போய், அதில் 25 சதவீதம் ஹைட்ரஸீன் ஹைட்ரேட் கலந்த 'யு.எச். 25' வந்தது. எரியும் வேகம், ஆவியாகும் நேரம் இவற்றைக் கொஞ்சம் நகர்த்தினாலே தாளம் பிசகி அலை அடங்கிவிடும். ராலே சொன்ன ஊஞ்சல் கணக்குதான்.

மாட்டு வண்டியும் மூன்றாவது ஆரியானும்

அடுத்த ஆரியானில் ஏறவேண்டியது நம்ம ஆப்பிள். முதன்முதலில் இந்தியா செய்த புவிநிலைச் சுற்றுப்பாதைத் தகவல்தொடர்பு செயற்கைக்கோள். சோதனைப் பறப்புகளில் இலவசமாக இடம் தருகிறோம் என்று ஐரோப்பியர்கள் சொன்னதால் கிடைத்த வாய்ப்பு. பெங்களூர் பீன்யாவில் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் வைத்து அதைச் செய்தார்கள். திட்ட இயக்குனர் ஆர்.எம். வாசகம், பின்னாளில் நம் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். ஆன்டெனா சோதனைக்காக அதை மாட்டு வண்டியில் ஏற்றி நிறுத்திய படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. உலோக வண்டியின் குறுக்கீடு இல்லாமல் அளக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஏழ்மையின் அடையாளமாக அந்தப் படத்தைக் காட்டிச் சிரித்தவர்களும் உண்டு.

இலவசம் என்றாலும் பயம் இலவசமாகப் போகாது. பல வருட உழைப்பு, சுமார் 670 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள். ஏறப்போவது, முந்தைய தடவை தீப்பிடித்துக் கடலில் விழுந்த ராக்கெட்டில். அதன் இன்ஜினைச் சரிசெய்துவிட்டோம் என்கிறார்கள். நம்பலாமா? பதிமூன்று மாதம் காத்திருந்து, 1981 ஜூன் 19-ம் தேதி மூன்றாவது ஆரியான் கிளம்பியது. நான்கு வைகிங்கும் சத்தம் போடாமல் வேலையை முடித்தன. ஆப்பிள் சேரவேண்டிய பாதைக்குப் போனது. ஒரு சூரியத் தகடு விரியாத குறையோடும் 1983 செப்டம்பர் வரை உழைத்தது. நம் இன்சாட் வரிசைக்கு அனுபவம் தந்த பள்ளிக்கூடம் அதுதான்.

பொதுவாக ஆப்பிள் கதையை மாட்டு வண்டியோடு முடித்துவிடுவோம். அது மேலே போக, சில மில்லிமீட்டர் துளைகளைத் திருத்திய வேலையும் காரணம் என்பதை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

விகாஸ் பிறந்த கதை

இப்போது விகாஸைச் செய்கிறவர்கள் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். கையில் இருக்கும் வரைபடத்துக்குச் சொந்தமான இன்ஜின் ஒரு ராக்கெட்டையே அழித்திருக்கிறது. பிரான்சிலேயே, பழக்கப்பட்ட கைகள் செய்தும் இப்படி. நாம் செய்யப்போவதோ நம் உலோகத்தில், நம் கடைசல் இயந்திரங்களில், அதுவரை இந்த மாதிரி வேலையே செய்திராத நம் தொழிற்சாலைகளில். துளை ஒரு இம்மி பிசகினால்?

இதற்குப் பதில் சொல்ல ஒரே வழி, எரித்துப் பார்ப்பது. இந்தியாவில் செய்த முதல் விகாஸை 1985-ல் வெர்னானுக்கே கொண்டுபோய்ச் சோதித்தார்கள். நம்மூரில் அவ்வளவு பெரிய சோதனை மேடை அப்போது தயாராக இல்லை. அந்த இன்ஜின் ஒழுங்காக எரிந்தது. பிறகு திருநெல்வேலி மாவட்டத்தில் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் சோதனை மேடைகள் எழுந்தன. திரவ உந்துவிசை மையத்தின் முதல் இயக்குனர் ஏ.இ. முத்துநாயகம் காலத்தில் வளர்ந்த இடம் அது. விநாடிக்குக் கால் டன்னுக்கும் மேல் எரிபொருளை விழுங்கி, சுமார் 80 டன் உந்துவிசை தரும் இன்ஜினை அங்கே கட்டிப்போட்டு எரித்தார்கள். மும்பையின் கோத்ரெஜும் ஹைதராபாத்தின் எம்.டி.ஏ.ஆரும் அதைச் செய்து கொடுக்கப் பழகின.

1993 செப்டம்பர் 20-ல் முதல் பி.எஸ்.எல்.வி. தோற்றது. ஆனால் தோல்விக்குக் காரணம் இரண்டாம் கட்டத்தில் இருந்த விகாஸ் இல்லை. 1994 அக்டோபர் 15-ல் அடுத்தது வென்றது. ஆரம்பத்தில் யு.டி.எம்.எச். எரித்த விகாஸும் பின்னாளில் தாய் இன்ஜின் போன வழியிலேயே யு.எச். 25-க்கு மாறியது. 2003 பிப்ரவரியில் கடைசி ஆரியான்-4 பறந்ததோடு வைகிங் ஓய்வுபெற்றுவிட்டது. 1980-க்குப் பிறகு இந்த வியாதியால் வைகிங் இன்னொரு ராக்கெட்டை இழக்கவேயில்லை. அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகும் பறந்துவந்தது விகாஸ்தான். 2023 ஜூலை 14-ல் சந்திரயான்-3-ஐத் தூக்கிய ராக்கெட்டின் நடுக்கட்டத்தில் இரண்டு விகாஸ்கள் எரிந்தன. அதே ரக ராக்கெட்டை மனிதர்களை ஏற்றிச் செல்லும் ககன்யானுக்காகத் தேர்ந்தெடுத்திருப்பதால், 2021 ஜூலை 14-ல் மகேந்திரகிரியில் ஒரு விகாஸை 240 விநாடி தொடர்ந்து எரித்துப் பார்த்தார்கள். இத்தனை வருடம் ஒழுங்காக ஓடுகிற இன்ஜினை ஏன் மறுபடி மறுபடி சோதிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு 1980 மே 23-ம் தேதியைச் சொல்லுங்கள்.

இன்னும் தீராத கணக்கு

இன்றைக்கு சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறதே, இன்ஜின் கத்துமா கத்தாதா என்று கணக்குப் போட்டே சொல்லிவிடக் கூடாதா? முழு நம்பிக்கையோடு சொல்ல முடியாது என்பதுதான் நிலைமை. கொந்தளிக்கும் ஓட்டம், கோடிக்கணக்கான துளிகள், ரசாயன வினை, ஒலி என நாலும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கிறது. கம்ப்யூட்டர் வழி காட்டும், தீர்ப்புச் சொல்வது சோதனை மேடைதான்.

இதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. சாந்தோமிலிருந்து தெற்கே அடையாறு ஆற்றைத் தாண்டிப் போனால் சென்னை ஐ.ஐ.டி. அங்கே விமானவியல் துறையில் ஆர்.ஐ. சுஜித்தும் அவர் மாணவர்களும் ஆய்வுக்கூட எரியறைகளில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டார்கள். தீ சாதுவான இரைச்சலிலிருந்து ஒரே தாவலாகக் கத்தலுக்குப் போவதில்லை. நடுவே விட்டு விட்டுக் கத்திப் பார்க்கிறது. கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் இரைச்சல், மறுபடி பாட்டு. இந்தக் கட்டத்தை அடையாளம் கண்டால் கத்தல் வருமுன்னே உஷாராகலாம். எங்கள் காஸ் டர்பைன்காரர்களுக்கு இது மழை வருமுன் மேகம் தெரிந்த மாதிரி.

அடுத்த பரீட்சையும் தெற்கேதான். மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் 200 டன் அரை-கிரையோஜெனிக் இன்ஜினை இஸ்ரோ உருவாக்கிவருகிறது. 2023 ஜூலையில் நடந்த சோதனை, டர்பைன் அழுத்தம் திடீரென்று எகிறியதால் இரண்டு விநாடிக்குள் நிறுத்தப்பட்டது. 2025 மார்ச் 28-ல் இரண்டரை விநாடிச் சோதனை வெற்றி. அந்தச் சோதனையில் உந்து அறையைச் சேர்க்கவில்லை. விகாஸை விட இரண்டரை மடங்கு விசை தரும் இன்ஜினில் அந்த அறை சேரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எப்படி எரிகிறது என்பதோடு, எப்படிச் சத்தம் போடுகிறது என்பதும்தான்.

நம் கல்லூரியிலிருந்து இப்போது வெளியே வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தொழில்நுட்பம் வாங்குவது என்றால் வரைபடம் வாங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தத் துளை ஏன் இந்த அளவு, இந்தத் தடுப்பு ஏன் இந்த இடத்தில் என்பது வரைபடத்தில் இருக்காது. வெர்னானில் நூறு ஆள்-ஆண்டு வேலை செய்து நம் மூத்தவர்கள் கொண்டுவந்தது அந்த 'ஏன்'. வேலையில் சேர்ந்த முதல் வருடம் யாராவது பழைய ஃபோர்மேன் அல்லது சீனியர் கிடைத்தால் வெட்கப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அளவுக்கும் காரணம் கேளுங்கள். எங்கே, எப்போது, எது உடைந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ரிட்டயர் ஆகும்போது அந்த நோட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இந்தக் கூடுகைக்கு வந்திருக்கும் மூத்தவர்களிடம் அப்படிப்பட்ட நோட்டுகள் இருக்கும். மதியச் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் விசாரிப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.